மருந்தா, கைவிலங்கா?

சர்வதேச ஒப்பந்தங்களின் முகவுரைகளைப் படிப்பவர்கள் மிகச் சிலரே. தேசங்களின் பிரதிநிதிகள் கூடிப் பல நாள் வாதித்துக் கையெழுத்திட்டு வைத்த அந்த ஏடுகள் சட்ட நிபுணர்களின் அலமாரிகளில் உறங்குவதே வழக்கம். ஆயினும், 1961ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நியூயார்க் நகரில் உருவான போதைப்பொருள் உடன்படிக்கையின் முகவுரையை மட்டும் சாதாரண வாசகரும் ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம். ஏனெனில், அபினையும் கஞ்சாவையும் கோகோ இலையையும் ஒரே சட்டத்தின்கீழ்க் கொண்டுவரத் தேசங்கள் முடிவு செய்தபோது, அவை தம் முதல் கவலையாக எடுத்துரைத்தது குற்றவாளிகளைப் பிடிப்பதையன்று, எல்லைகளைக் காப்பதையுமன்று, மனித குலத்தின் ஆரோக்கியத்தையும் நல்வாழ்வையுமே. அதற்கு அடுத்தபடியாக, வலியையும் வேதனையையும் தணிப்பதற்கு இந்த மருந்துகள் இன்றியமையாதவை என்றும், ஆதலால் அவை நோயாளிகளுக்குத் தட்டுப்பாடின்றிக் கிடைக்க ஏற்பாடு செய்யப்பட வேண்டும் என்றும் அந்த உடன்படிக்கை ஒப்புக்கொள்கிறது.

எந்த ஏற்பாட்டையும் அதன் நோக்கத்தைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது நியாயமானால், அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையிலிருக்கும் இந்த ஏற்பாட்டைக் குறித்து நாம் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை டன் ஹெராயின் பிடிபட்டது என்பதோ, எத்தனை பேர் சிறைப்பட்டார்கள் என்பதோ அல்ல. எத்தனை உயிர்கள் பிழைத்தன, எத்தனை நோயாளிகளின் வேதனை தணிந்தது, எத்தனை குடும்பங்கள் மீண்டும் தலைநிமிர்ந்தன என்பதே. பல தேசங்களின் அனுபவங்களை ஒருங்கே வைத்து இந்தக் கேள்வியைக் கேட்கும்போது, போதைக்கு அடிமைப்பட்டவரைக் குற்றவாளியாகப் பாவித்த இடங்களில் துன்பம் பெருகியதையும், நோயாளியாகப் பாவித்த இடங்களில் அது குறைந்ததையும் காண்கிறோம்.

சட்டம் வளர்ந்த விதம்

அபினைக் கட்டுப்படுத்தும் சர்வதேச முயற்சி ஓர் அநீதிக்குப் பரிகாரமாகவே தொடங்கியது. பீகாரிலும் காசிப்பூர்ப் பகுதியிலும் விளைந்த அபினைக் கல்கத்தாவில் ஏலம் விட்டு, அது சீன தேசத்துக்குக் கப்பலேறுவதற்கு வழி செய்து, அந்த வாணிபத்தைக் காப்பதற்காக யுத்தமும் நடத்தி, ஒரு மாபெரும் ஜனசமூகத்தையே அபின் புகைக்கு இரையாக்கிய பிரிட்டிஷாரின் சரித்திரம் பிரசித்தமானது. அந்தக் கொடுமையைக் கண்டு வருந்திய நல்லோர்களின் முயற்சியால் 1909இல் ஷாங்காய் நகரில் தேசங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள்; 1912இல் ஹேக் நகரில் முதலாவது அபின் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த பல ஒப்பந்தங்களை ஒன்றாக்கியதே 1961ஆம் ஆண்டு உடன்படிக்கை. மனத்தை மயக்கும் மாத்திரைகளைக் குறித்து 1971இலும், கள்ளக் கடத்தலைக் குறித்து 1988இலும் வேறு இரண்டு உடன்படிக்கைகள் சேர்ந்தன. இம்மூன்றையும் மேற்பார்வையிடும் ஸ்தாபனங்கள் இன்று வியன்னா நகரில் இயங்குகின்றன.

நோக்கம் ஆரோக்கியமாக இருந்தும், நாளடைவில் தண்டனையே பிரதானமாயிற்று. 1971ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் போதைப் பழக்கத்தைத் தம் நாட்டின் முதல் விரோதி என்று பிரகடனம் செய்தார். 1988ஆம் ஆண்டு உடன்படிக்கை, ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்காகச் சிறிதளவு வைத்திருப்பதையும் குற்றமாக்கும்படி, அந்தந்த நாட்டு அரசியல் சட்டத்துக்கு உட்பட்டு, தேசங்களைக் கேட்டுக்கொண்டது. 1998இல் நியூயார்க்கில் கூடிய ஐக்கிய நாடுகள் சபையின் விசேஷக் கூட்டம், போதைப்பொருளற்ற உலகத்தை நம்மால் உண்டாக்க முடியும் என்ற கோஷத்தோடு, 2008ஆம் ஆண்டைக் கெடுவாக வைத்தது. கெடு வந்தது, போயிற்று. 2022ஆம் ஆண்டில் உலகத்தில் ஏதேனும் ஒரு போதைப்பொருளை உபயோகித்தவர்கள் 29 கோடியே 20 லட்சம் பேர் என்றும், அத்தொகை பத்தாண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு அதிகரித்திருக்கிறது என்றும் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் அலுவலகமே கணக்கிட்டுள்ளது. அவர்களுள் பழக்கம் முற்றி நோயாகிவிட்டவர்கள் 6 கோடியே 40 லட்சம் பேர். அந்த நோயாளிகளில் சிகிச்சை பெறுபவரோ பதினொருவரில் ஒருவரே.

பயம் செய்யும் தீங்கு

போதைக்கு அடிமைப்படுதல் மன உறுதியின் குறைவால் மட்டும் வருவதன்று. மூளையின் இயக்கமே மாறிப்போய், உண்ணவும் உறங்கவும் உறவாடவும் அந்தப் பொருளின்றி இயலாது என்ற நிலைக்கு உடல் வந்துவிடும் வியாதி அது என்பதை வைத்திய சாஸ்திரம் இன்று தெளிவாக அறிந்திருக்கிறது. வியாதிக்குப் பயமுறுத்தல் மருந்தாகாது. பயமுறுத்தினால் நோயாளி பழக்கத்தை விடுவதில்லை, மறைகிறார். போலீஸார் கண்ணில் படாமலிருக்க, பாழடைந்த கட்டடத்திலோ ரயில் பாதையோரத்திலோ அவசர அவசரமாக ஊசி குத்திக்கொள்கிறார். கையில் புதிய ஊசியோடு பிடிபட்டால் அதுவே சாட்சியமாகிவிடும் என்று அஞ்சி, அருகில் இருப்பவரின் ஊசியையே வாங்கிக் குத்திக்கொள்கிறார். அந்த ஊசியின் துவாரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு துளி ரத்தத்தில் எய்ட்ஸ் கிருமியும், கல்லீரலை அரிக்கும் ஹெபடைட்டிஸ் கிருமியும் ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குப் பிரயாணம் செய்கின்றன. அளவு மிஞ்சி ஒருவர் மூச்சடங்கி விழுந்தால், உடனிருக்கும் சிநேகிதர் ஆம்புலன்ஸை அழைக்கவும் அஞ்சி ஓடிவிடுகிறார். உடனே நலோக்ஸோன் என்னும் முறிமருந்து ஊசி ஒன்று போட்டிருந்தால் சில நிமிஷங்களில் எழுந்து உட்கார்ந்திருக்கக் கூடியவர், சட்டத்தின்மீதுள்ள பயத்தால் உயிர் இழக்கிறார்.

தண்டனையின் உக்கிரம் எந்த எல்லை வரையில் செல்லக்கூடும் என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. 2016ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் பிலிப்பைன்ஸ் தேசத்தின் ஜனாதிபதியாகப் பதவியேற்ற ரோட்ரிகோ டுட்டெர்ட்டே தொடங்கிய போதை ஒழிப்பு இயக்கத்தில், போலீஸ் நடவடிக்கைகளில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் என்று அந்த அரசாங்கமே ஒப்புக்கொண்டது; மனித உரிமை ஸ்தாபனங்கள் கூறும் தொகை இதனினும் மிகப் பெரிது. மாண்டவர்களில் பெரும்பாலோர் நகரத்துச் சேரிகளில் வாழ்ந்த ஏழைகள். விசாரணையுமின்றித் தீர்ப்புமின்றி நடந்த இந்தக் கொலைகளைக் குறித்து, மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்ற சாட்டின் பேரில், 2025 மார்ச் மாதத்தில் டுட்டெர்ட்டே கைது செய்யப்பட்டு ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வசம் ஒப்படைக்கப்பட்டார்.

நீதிமன்றம் நடத்தி விதிக்கும் மரண தண்டனையோ நம் இனத்தாரையே நேராகத் தொடுகிறது. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேற்பட்ட ஹெராயினைக் கடத்துபவருக்குத் தூக்குத் தண்டனை என்பது சட்டம். ஏறக்குறைய 43 கிராம் ஹெராயினைத் தொடையில் கட்டிக்கொண்டு 2009இல் எல்லையைக் கடந்தபோது பிடிபட்ட மலேசியத் தமிழ் இளைஞர் ஒருவர், அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மதிப்பிடப்பட்டிருந்தும், ஐக்கிய நாடுகளின் நிபுணர்கள் கருணை காட்டும்படி வேண்டியும், 2022 ஏப்ரல் 27ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். தாம் செய்வது இன்னதென்று அவர் அறிந்தே செய்தார் என்பது நீதிமன்றத்தின் முடிவு. தன் கடுமையே தன் பிரஜைகளைக் காக்கிறது என்பது அந்த அரசாங்கத்தின் வாதம். ஆனால் தூக்குமேடையில் ஏறுபவர்கள் கடத்தலை நடத்தும் தனவந்தர்கள் அல்லர். கடனுக்கும் வறுமைக்கும் அடிமைப்பட்டுப் பொட்டலம் சுமக்கும் கூலிகளே. மிகக் கொடிய குற்றங்களுக்கு மட்டுமே மரண தண்டனை விதிக்கலாம் என்பது சர்வதேச ஒப்பந்தத்தின் விதி. போதைப்பொருள் குற்றம் அந்த வகையைச் சேர்ந்ததன்று என்பது ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவின் தீர்மானமான அபிப்பிராயம். 1976 முதல் எவரையும் தூக்கிலிடாதிருந்த இலங்கையிலும், போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிட 2019இல் ஜனாதிபதி சிறிசேன உத்தரவில் கையெழுத்திட்டபோது, உச்ச நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தி வைத்தது. மலேசியாவோ 2023இல் கட்டாய மரண தண்டனையையே ஒழித்து, தூக்குக்குக் காத்திருந்த கைதிகளும் மறுபரிசீலனை கோருவதற்கு வழி திறந்தது.

போர்ச்சுகல் தேர்ந்த வழி

தண்டனையைக் கைவிட்டால் தேசம் பாழாகிவிடும் என்று அஞ்சுபவர்கள் அனைவரும் அறிய வேண்டியது போர்ச்சுகல் தேசத்தின் கதை. 1974ஆம் ஆண்டு ஏப்ரலில் சர்வாதிகாரம் வீழ்ந்து, நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த கதவுகள் திறந்தபோது, ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளிலிருந்து போர்வீரர்களும் குடும்பங்களும் லட்சக்கணக்கில் தாயகம் திரும்பினர். அவர்களோடு கஞ்சாவும், அதன் பின்னால் ஹெராயினும் வந்து புகுந்தன. போதையைப் பற்றி ஏதும் அறியாத அந்தச் சமூகத்தில் இருபதே ஆண்டுகளில், ஒரு கோடி ஜனங்களில் ஒரு லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு ஒருவர், ஹெராயினால் பீடிக்கப்பட்டனர். தலைநகர் லிஸ்பனில் காஸல் வெண்டோஸோ என்ற பேட்டையில் ஆயிரக்கணக்கானவர்கள் பகல் வெளிச்சத்திலேயே ஹெராயின் வாங்கவும் ஊசி குத்திக்கொள்ளவும் திரண்டார்கள். குடியானவரின் மகனும் வங்கி அதிகாரியின் மகனும் மந்திரியின் உறவினரும் ஒருங்கே பீடிக்கப்பட்டதனால், இது யாரோ சில துஷ்டர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிட ஒருவராலும் இயலவில்லை.

1998இல், பின்னாளில் ஐக்கிய நாடுகளின் பொதுச் செயலாளராக விளங்கிய அன்டோனியோ குட்டெரெஸ் பிரதம மந்திரியாக இருந்த காலத்தில், விஞ்ஞானி அலெக்ஸாண்ட்ரே குவிண்டனில்யா தலைமையில் நிபுணர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. தென்கோடியிலுள்ள அல்கார்வ் மாகாணத்தில் குடும்ப வைத்தியராக இருந்து, அடிமைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்து அனுபவம் பெற்ற ஜோவாவ் கூலாவ் அக்குழுவில் ஓர் அங்கத்தினர். அவர்கள் ஆலோசித்துச் சொன்ன முடிவை ஏற்று இயற்றப்பட்ட சட்டம் 2001 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. பத்து நாள் உபயோகத்துக்கு வேண்டிய அளவுக்கு மேற்படாமல் எந்தப் போதைப்பொருளை ஒருவர் வைத்திருந்தாலும், அதாவது ஹெராயினானால் ஒரு கிராமும், கஞ்சா இலையானால் 25 கிராமும் வரையில் வைத்திருந்தாலும், அது இனிக் குற்றமன்று; நிர்வாக விதியை மீறியது மட்டுமே என்று அந்தச் சட்டம் விதித்தது. விற்பனையும் கடத்தலும் முன்போலவே குற்றங்களாக நீடித்தன. போதைப்பொருளுக்கு அங்கே அனுமதி கிடைத்துவிட்டது என்று பலர் எண்ணுவது தவறு. உபயோகித்தவரின் வழக்கு நீதி இலாகாவிடமிருந்து சுகாதார இலாகாவிடம் மாற்றப்பட்டது என்பதே உண்மை.

இம்மாற்றம் நடைமுறையில் எவ்வாறிருக்கிறது என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். தெருவில் ஒருவரிடம் ஹெராயின் பொட்டலத்தைக் காணும் போலீஸ்காரர் அதைப் பறிமுதல் செய்து, நிறுத்துப் பார்த்து, அளவு சட்டத்துக்குள் அடங்கினால், எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மாவட்டக் குழுவின் முன் ஆஜராகும்படி சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். கைவிலங்கு இல்லை, லாக்கப்பும் இல்லை. அந்தக் குழு இருப்பது நீதிமன்றத்தில் அன்று. சாதாரணமான ஓர் அலுவலக அறையில். கறுப்பு அங்கி அணிந்தவர் எவருமில்லை. சட்டம் பயின்ற ஒருவரும், வைத்தியமோ மனோதத்துவமோ சமூக சேவையோ அறிந்த இருவரும் வந்தவரோடு ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்து, அவர் எப்போது தொடங்கினார், வேலையில் இருக்கிறாரா, வீட்டில் யார் யார், உடல்நிலை எப்படி என்று விசாரிக்கிறார்கள். எப்போதோ ஒருமுறை கஞ்சா புகைத்தவரானால் எச்சரிக்கையோடு விவகாரம் முடிகிறது. அடிமைப்பட்டவரானால் சிகிச்சை நிலையத்துக்கு வழி காட்டப்படுகிறது. அவருக்குப் பண அபராதம் விதிப்பதைச் சட்டமே தடுத்திருக்கிறது. ஏனெனில், அபராதத்துக்காகவும் அவர் திருடப் போவார் என்பதை அந்தச் சட்டத்தை இயற்றியவர்கள் அறிந்திருந்தார்கள். சிகிச்சைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அவர் பொறுப்பு. மறுத்ததற்காக எவரும் சிறை செல்வதில்லை.

குழுவுக்கு வெளியிலும் பணி நடக்கிறது. லிஸ்பனின் வீதிகளில் நாள்தோறும் குறித்த நேரத்தில் வந்து நிற்கும் வெள்ளை வேன்களின் ஜன்னலருகே வரிசையில் நிற்பவர்கள், செவிலியர் சிறு பிளாஸ்டிக் குவளையில் ஊற்றிக் கொடுக்கும் மெத்தடோன் திரவத்தை அங்கேயே குடித்துவிட்டுச் செல்கிறார்கள். ஹெராயினைத் தேடி அலையும் உடலின் தவிப்பை ஒரு நாள் முழுதும் அடக்கிவைக்கும் அந்த மருந்து இலவசம். மருந்துக் கடைகளில் பழைய ஊசியைக் கொடுத்துப் புதிய ஊசியும் மதுசாரப் பஞ்சும் ஆணுறையும் அடங்கிய சிறு பையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 1993 முதலே அங்கு உண்டு. நாள்தோறும் வேனுக்கு வருபவரை நாள்தோறும் ஒரு செவிலியர் பார்க்கிறார். புண் இருந்தால் கட்டுப் போடுகிறார். இருமினால் காசநோய்ச் சோதனைக்கு அனுப்புகிறார். முன்பு ஒளிந்து திரிந்தவர் இவ்வாறு மெல்ல மெல்ல வைத்தியரின் கண்பார்வைக்குள் வந்துவிடுகிறார்.

இதன் பலனாக, 2001ஆம் ஆண்டில் ஊசி குத்திக்கொள்பவர்களிடையே ஆயிரத்தை ஒட்டியிருந்த புதிய எச்.ஐ.வி. தொற்று, அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கும் கீழே இறங்கியது. சிறைக் கைதிகளில் நூற்றுக்கு நாற்பது பேர் போதைப்பொருள் வழக்கினராக இருந்த நிலை மாறி, அந்த விகிதம் ஏறக்குறையப் பாதியாயிற்று. அளவு மிஞ்சி மாண்டுபோகிறவர்களின் தொகை அண்மைய ஆண்டுகளில், ஒரு கோடி ஜனங்களுள் ஆண்டுக்கு நூற்றுக்கும் குறைவு. மேற்கு ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. உலகத்துப் போதையர் அனைவரும் விமானமேறி லிஸ்பனுக்கு வந்து குவிவார்கள் என்று எதிர்க்கட்சியினர் அன்று கூறிய ஆரூடமும் பலிக்கவில்லை.

ஆயினும், சட்டப் புத்தகத்தில் சில வாக்கியங்களை மாற்றியதே இவ்வளவையும் சாதித்துவிட்டது என்று எண்ணுவது பெருந்தவறு. பொருளாதார நெருக்கடியின்போது 2012இல் இந்தச் சேவைகளை நடத்திய தேசிய ஸ்தாபனம் கலைக்கப்பட்டு, பொறுப்புகள் பங்கிடப்பட்டு, பணமும் குறைக்கப்பட்டபோது, அந்தப் பணி தளர்ந்தது. போர்டோ முதலிய நகரங்களில் மீண்டும் தெருவோரத்தில் ஊசி குத்துபவர்களைக் கண்டு ஜனங்கள் முறையிட்டார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 2020இல் வாக்கெடுப்பின் மூலம் இதே போன்ற சட்டத்தை இயற்றியது; ஆனால் சிகிச்சை நிலையங்களுக்கான பணம் தாமதமாக வந்து, ஃபென்டனில் என்னும் கொடிய ரசாயனம் முந்திக்கொண்டதால், 2024இல் அந்தச் சட்டத்தின் முக்கியப் பகுதியை விலக்கிக்கொள்ள நேர்ந்தது. கைவிலங்கைக் கழற்றினால் மட்டும் போதாது. கழற்றிய கையைப் பிடித்து நடத்திச் செல்ல வைத்தியர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். இவ்விரண்டு அனுபவங்களும் நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.

ஸ்விட்சர்லாந்தின் அனுபவம்

செல்வமும் ஒழுங்கும் மிகுந்த ஸ்விட்சர்லாந்தும் இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டே கற்றது. ஜூரிச் நகரின் பிரதான ரயில் நிலையத்தை அடுத்த பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவில் 1980களின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் வந்த ஹெராயின் அடிமைகள் கூடினார்கள். 1992 பிப்ரவரியில் பூங்காவை இழுத்து மூடினார்கள். கூட்டம் அருகிலிருந்த கைவிடப்பட்ட ரயில் நிலையத்துக்கு இடம் பெயர்ந்ததேயன்றிக் கலையவில்லை. அப்போதுதான், தடுத்தல், சிகிச்சை, தீங்கைக் குறைத்தல், சட்டம் ஒழுங்கு என்ற நான்கு தூண்களின்மேல் அந்த நாட்டார் தம் கொள்கையை நிறுத்தினார்கள். மற்றெந்தச் சிகிச்சையும் பலிக்காதவர்களுக்கு, வைத்தியர் மேற்பார்வையில், மருத்துவமனையிலேயே தூய ஹெராயினை அளந்து கொடுக்கும் ஏற்பாடும் 1994இல் தொடங்கியது. இதைக் கேட்டுத் திகைக்காதவர்கள் இல்லை. ஆனால் திருடியும் தம்மையே விற்றும் ஹெராயின் வாங்கியவர்கள், இனி அதற்காக அலைய வேண்டியதில்லை என்ற நிலை வந்ததும், வேலைக்குத் திரும்பினார்கள், வீடு தேடினார்கள். இளைஞர்களின் மனத்தில் ஹெராயின், கலகக்காரர்களின் அடையாளம் என்ற கவர்ச்சியை இழந்து, நோயாளிகளின் மருந்து என்றாயிற்று. ஜூரிச்சில் 1990ஆம் ஆண்டில் புதிதாக ஹெராயினைத் தொட்டவர்கள் 850 பேர் என்றும், 2002இல் 150 பேரே என்றும் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆராய்ச்சி கணக்கிட்டது. 2008 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில், பழமைப் பற்று மிகுந்த அந்நாட்டு ஜனங்கள் நூற்றுக்கு 68 பேர் இந்தக் கொள்கைக்குச் சம்மதம் தெரிவித்தார்கள்.

மறக்கப்பட்ட நோயாளி

போதைப்பொருள் சட்டத்தின் கடுமையால் துன்புறுபவர் அடிமைப்பட்டவர் மட்டுமல்லர். எந்தப் போதையையும் கனவிலும் நினைத்திராத, புற்றுநோயால் துடிக்கும் ஒரு மூதாட்டியும் அதே சட்டத்தால் தண்டிக்கப்படுகிறார். அபினிலிருந்து எடுக்கப்படும் மார்பினுக்கு நிகராகக் கடும் வலியைத் தணிக்கும் மலிவான மருந்து வேறில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை விழுங்கும் ஒரு சிறு மாத்திரையால், படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இரவெல்லாம் அலறியவர் கண்ணயர்கிறார். மறுநாள் காலையில் பேரனைப் பெயர் சொல்லி அழைக்கிறார். ஆனால் உலகத்தில் உபயோகமாகும் மார்பினில் மிகப் பெரும்பகுதி செல்வ நாடுகளில் வாழும் சிறுபான்மையினருக்கே கிடைக்கிறது. ஏழை நாட்டு நோயாளிகள் பல்லைக் கடித்துக்கொண்டு சாகிறார்கள்.

இந்த விபரீதம் நம் தேசத்தில் நேர்ந்த விதம் மிகவும் வேதனை தருவது. மத்தியப் பிரதேசத்தின் நீமச், மண்ட்சௌர்ப் பகுதிகளிலும், ராஜஸ்தானத்திலும், உத்தரப் பிரதேசத்திலும் அரசாங்க உரிமம் பெற்ற விவசாயிகள் கசகசாக் காயைக் கீறி, வடியும் பாலைச் சேகரித்து, அரசாங்கத்துக்கே கொடுக்கிறார்கள். அது நம் நாட்டு ஆலைகளுக்கும் அயல்நாட்டு மருந்து உற்பத்திக்கும் சென்று சேர்கிறது. அபினை விளைவிக்கும் அந்தத் தேசத்திலேயே, 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் வந்தபின், ஒரு மருத்துவமனை மார்பின் வாங்குவதற்கு நான்கைந்து உரிமங்கள் வேண்டியிருந்தன. அவை வெவ்வேறு இலாகாக்களிடமிருந்து பெறப்பட்டு, ஒரே சமயத்தில் செல்லுபடியாக இருக்கவும் வேண்டும். சிறு பிழைக்கும் பத்தாண்டுச் சிறை என்ற பயத்தால் மருந்துக் கடைக்காரர்கள் மார்பினைக் கைவிட்டார்கள். வைத்தியர்கள் அதை எழுதிக் கொடுப்பதை மறந்தார்கள். 1985இல் ஏறக்குறைய 600 கிலோவாக இருந்த மார்பின் உபயோகம் 1997இல் 18 கிலோவாகச் சுருங்கியது.

இருளில் விளக்கேற்றியவர்கள் கேரளத்தார். கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் மயக்க மருந்து நிபுணராக இருந்த டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் 1993இல் வலி நிவாரணச் சங்கம் ஒன்றை நிறுவி, அக்கம்பக்கத்துத் தொண்டர்களைப் பழக்கி, நோயாளியின் வீட்டுக்கே மருந்தைக் கொண்டு சேர்த்தார்கள். மார்பினை வீட்டில் கொடுத்தால் கள்ளச் சந்தைக்குப் போய்விடும் என்ற அச்சத்துக்கும் அவர்கள் விடையளித்தார்கள். இரண்டாண்டுகளில் 1,723 நோயாளிகளுக்கு மார்பின் கொடுத்த அவர்களுடைய மருத்துவமனையில் ஒரு மாத்திரை கூடத் தவறான வழியில் சென்றதற்கு அடையாளமில்லை என்று 2001இல் லான்செட் இதழில் வெளியான கட்டுரை கூறுகிறது. இத்தகைய ஆதாரங்களோடு அவர்கள் ஓயாமல் முறையிட்டதன் பலனாக, 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்பின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அத்தியாவசியமானவை என்று வகுக்கப்பட்டு, ஒரே உரிமம் போதும் என்றாயிற்று. சட்டம் திருந்திவிட்டது; அதைப் பயன்படுத்தும் துணிவு எல்லா மருத்துவமனைகளுக்கும் இன்னும் வரவில்லை.

மாறிவரும் உலக மனம்

வியன்னாவிலும் காற்று திசை மாறிவருகிறது. சிகிச்சை என்ற பெயரால் ஆயிரக்கணக்கானவர்களை அடைத்து வைத்துக் கட்டாய வேலை வாங்கும் முகாம்களை மூடும்படி 2012இல் ஐக்கிய நாடுகளின் பன்னிரண்டு ஸ்தாபனங்கள் கூட்டாக வேண்டின. 2016 ஏப்ரலில் கூடிய விசேஷக் கூட்டத்தின் தீர்மானத்தில் மனித உரிமையும் மருந்து கிடைத்தலும் தனித்தனி அத்தியாயங்கள் பெற்றன. சொந்த உபயோகத்துக்காக வைத்திருப்பதைக் குற்றமாக்காமலிருக்க வேண்டும் என்ற கருத்தை ஐக்கிய நாடுகளின் ஸ்தாபனங்களுடைய தலைவர்கள் 2018இல் ஏகமனதாக ஆதரித்தார்கள். 2020 டிசம்பரில், உலக சுகாதார ஸ்தாபனத்தின் சிபாரிசை ஏற்று, மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சா நீக்கப்பட்டது. இருபத்தேழுக்கு இருபத்தைந்து என்ற நூலிழை வித்தியாசத்தில் நிறைவேறிய அந்தத் தீர்மானத்துக்கு இந்தியாவும் ஆதரவளித்தது. தீங்கைக் குறைத்தல் என்ற கொள்கையின் பெயரையே பல்லாண்டுகளாகத் தன் தீர்மானங்களில் சேர்க்க மறுத்து வந்த ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு, 2024 மார்ச்சில் முதன்முறையாக அதை ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டின் நிலை என்ன? ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்பவர்கள் இந்தியாவில் ஏறக்குறைய எட்டரை லட்சம் பேர் என்று 2019இல் வெளியான மத்திய அரசாங்கத்தின் ஆய்வு கூறுகிறது. உபயோகிப்பதே ஓராண்டு வரையில் சிறைக்குரிய குற்றம் என்று நம் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தாமே முன்வந்து சிகிச்சை பெறுபவரை வழக்கிலிருந்து விடுவிக்கலாம் என்று அதே சட்டத்தின் 64ஏ பிரிவும் சொல்கிறது. முந்தியதை அறிந்தவர் பலர். பிந்தியதை அறிந்தவர் மிகச் சிலர். கருணைக்கு நம் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. அந்த இடத்தை உபயோகப்படுத்துவார் இல்லை. சென்னையில் 1980இலேயே, குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், குடிப்பழக்கமும் போதைப் பழக்கமும் சிகிச்சைக்குரிய நோய்களே என்ற உறுதியோடு மருத்துவமனை கண்டார். அவர் காட்டிய வழியைச் சட்டமும் போலீஸும் பொது ஜனமும் பின்பற்றியிருந்தால், எத்தனையோ குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வராமல் காப்பாற்றப்பட்டிருக்கும்.

கடத்தல்காரருக்குத் தண்டனை கூடாதென்று எவரும் சொல்லவில்லை. பிள்ளைகளின் கையில் விஷத்தை விற்பவர் தண்டிக்கப்பட வேண்டியவரே. ஆனால் விற்பவரும் வீழ்ந்தவரும் ஒருவரல்லர். வீழ்ந்தவரைத் தூக்கி நிறுத்துவது வைத்தியரின் கடமை. அதற்குத் தடையாக நில்லாதிருப்பது அரசாங்கத்தின் கடமை. அவரைக் கண்டு முகம் சுளிக்காதிருப்பது நம் அனைவரின் கடமை. வாசகரின் குடும்பத்திலோ தெருவிலோ இந்த நோய்க்கு ஆளானவர் ஒருவர் இருந்தால், வெட்கத்துக்கு அஞ்சி அவரை மறைத்து வைக்காமலும், கோபத்தால் வீட்டைவிட்டுத் துரத்தாமலும், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கடும் வலியால் துடிக்கும் புற்றுநோயாளி ஒருவர் இருந்தால், மார்பின் மாத்திரை கிடைக்குமா என்று வைத்தியரைத் தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தேசங்கள் 1961இல் எழுதிக் கொடுத்த வாக்கு நிறைவேறுவது, அதை ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் கேட்டுப் பெறும் ஜனங்களின் கையில்தான் இருக்கிறது.